அலமாரியில் கிடக்கும் மெழுகுக் கட்டிகள்: ஒரு திறந்த மடல்

இலங்கைச் சுகாதார அமைச்சின் பொறுப்பாளர்களுக்கும், தேசிய புற்றுநோய்க் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தினருக்கும், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ, பல்மருத்துவ பீட ஆய்வாளர்களுக்கும்.

மதிப்புக்குரியவர்களே,

வணக்கம். அரசாங்க வைத்தியசாலைகளின் நோயியல் ஆய்வுகூடங்களில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற எம்.எல்.ரி. (மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்) நான். பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளரின் வரிசை வீடுகளில், பிறந்தவன்; சேவைக்காலத்தின் பெரும்பகுதியும் மலைநாட்டிலேயே கழிந்தது. டொக்டர்மார் வெட்டி அனுப்பும் சதைத்துண்டை மெழுகில் பதித்து, மெல்லியதாகச் சீவி, சாயமேற்றிக் கண்ணாடித் தகட்டில் வைத்துக் கொடுப்பது என் தொழில். அதைப் பார்த்து முடிவு எழுதுபவர் நோயியல் நிபுணர். ஆகவே வைத்தியம் சொல்ல நான் வரவில்லை. கேட்க ஒன்று இருக்கிறது. மலையக மக்களின் வாய்ப்புற்று பயொப்சிகளை, அதாவது வெட்டியெடுத்த அந்தச் சதைத்துண்டுகளை, வீணாகவிடாமல் ஒழுங்காகச் சேமியுங்கள். நோயாளியின் சம்மதத்தோடு அவற்றின் ஜீன்களை வாசியுங்கள். அதை இப்போதே தொடங்குங்கள். புற்றுக்கலத்தை மட்டும் தேடிக் கொல்லும் ஜீன் சிகிச்சைகள் உலகில் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் ஒன்று இந்த நாட்டுக்கு வந்து சேரும் நாளில், எங்கள் சனத்தின் வாயில் அது எதைத் தேட வேண்டும் என்று யாருக்கும் தெரியாமல் இருந்துவிடக் கூடாது.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், இந்தியாவில் 2023 ஒக்டோபரில் நெக்ஸ்கார்19 என்ற சிகிச்சைக்கு அனுமதி கிடைத்த பிறகு தோட்டங்களிலிருந்து எனக்கு வரும் அழைப்புகள்தான் காரணம். “அண்ணே, பம்பாயில ஏதோ ஊசி வந்திருக்காம்ல, நம்ம அக்காவுக்கு அது சரிவருமா?” அக்காவுக்கு நாக்கின் ஓரத்தில் புண். நெக்ஸ்கார்19 இரத்தப் புற்றுகளுக்கானது. நோயாளியின் சொந்த ரி-கலங்கள் என்ற நோயெதிர்ப்புக் கலங்களை வெளியே எடுத்து, பீ-கலங்கள் என்ற இன்னொரு வகை வெள்ளைக் கலங்களின் மேற்பரப்பிலுள்ள சிடி19 என்ற அடையாளத்தைப் பிடிக்கும் ஜீனை அவற்றில் ஏற்றி, பெருக்கி, மறுபடி உடம்புக்குள் விடுகிறார்கள். நாக்குப் புண்ணில் சிடி19 கிடையாது. இதைப் போனில் விளக்குவது ஒரு பாடு. விளக்கி முடித்ததும் அந்தப் பக்கம் “அப்படியா, சரிண்ணே” என்று வைத்துவிடுவது இன்னொரு பாடு.

அந்தச் சிகிச்சையில் எனக்குப் பிடித்த ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக மனமில்லை. இதே வகையில் உலகில் முதலாவதாக அமெரிக்காவில் 2017இல் அனுமதி பெற்ற கிம்ரியாவுக்கு அப்போது குறித்த விலை 4,75,000 டொலர். டொலரை 300 ரூபா என்று வைத்தால் 14 கோடியே 25 இலட்சம். 2024இல் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில், வருடத்துக்கு 300 நாள் பேர் விழுந்தாலும், அதாவது முழுநாட் கூலி பதிவானாலும், ஒரு கொழுந்துக்காரி 350 வருடம் மலையேற வேண்டும். எங்கள் சனம் இங்கே வந்து இருநூறு வருடமானதற்கு 2023இல் “மலையகம் 200” என்று விழா எடுத்தோமே, அந்த இருநூறோடு இன்னும் நூற்றைம்பது. ஆனால் பம்பாய் ஐஐடியும் டாட்டா நினைவு வைத்தியசாலையும் சேர்ந்து, வெளியே வாங்காமல் தாங்களே வடிவமைத்ததால், இந்தியாவில் செலவு அதில் ஏறத்தாழ பத்தில் ஒன்றாக இறங்கியது. அதுவும் எங்களுக்குப் பெரிய தொகைதான். இருந்தாலும் விலை என்பது வானத்திலிருந்து விழுவதில்லை, செய்பவன் யார் என்பதைப் பொறுத்தது என்று அது காட்டிவிட்டது.

இனி வாய்க்கு வருகிறேன்.

இலங்கை ஆண்களில் அதிகம் காணப்படும் புற்று வாய்ப்புற்று. இது உங்களுக்குத் தெரியாததல்ல. உங்கள் அறிக்கைகளிலிருந்துதான் நானும் தெரிந்துகொண்டேன். தோட்டப்புறத்தில் பெண்களும் இதற்கு விலக்கில்லை, ஏனென்றால் அங்கே வெற்றிலை போடுவதில் ஆண் பெண் பேதம் கிடையாது. விடியப் பிரட்டுக்கு, அதாவது வேலை பிரித்துக்கொடுக்கும் இடத்துக்கு, போகும்போது மடியில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு கிள்ளுப் புகையிலை. மழைக்குளிரில் அது சூடு. பத்து மணிப் பசிக்கு அது தடுப்பு. நாள் முழுக்கக் குனிந்த முதுகுக்கு அதுதான் கொஞ்சம் தெம்பு. புகையிலை சேர்ந்தால்தான் கெடுதல் என்று பலர் இன்னும் நம்புகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் புகையிலை சேராத வெற்றிலைக் கலவையையும், தனிப் பாக்கையும்கூட, மனிதரில் புற்றை உண்டாக்கும் முதல் வகுப்புப் பொருட்களாக அறிவித்துவிட்டது. பாக்கு வாயின் உட்சதையை நாராக இறுக்கவும் செய்கிறது. இரண்டு விரல்கூட நுழையாத வாய்கள் என்னிடம் வந்த விண்ணப்பப் படிவங்களில் எத்தனையோ: “வாய் திறப்பு குறைவு” என்று ஒரு வரி, அவ்வளவுதான்.

இப்போது, புற்றுக்கலத்தை மட்டும் கொல்வது என்றால் என்ன என்று பார்ப்போம். ஆய்வாளர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், இந்த மடலைத் தோட்டத்துப் பிள்ளைகளும் வாசிப்பார்கள். இரசாயனச் சிகிச்சை எதையும் தெரிவு செய்வதில்லை என்று பேச்சுக்குச் சொல்வோம். அது முழுக்கச் சரியல்ல. வேகமாகப் பிரியும் கலங்களை அது அதிகம் தாக்குகிறது. மயிர்வேரும் குடலின் உட்சுவரும் என்பு மச்சையும் வேகமாகப் பிரிவதால் அவையும் கூடவே அடிவாங்குகின்றன. ஜீன் சிகிச்சை செய்யப் பார்ப்பது வேறு. புற்றுக்கலம் எதை இழந்திருக்கிறது, எதைப் புதிதாகச் செய்கிறது என்று கண்டுபிடித்து, அந்த வேறுபாட்டையே கொலைக்கு நிபந்தனையாக்குவது.

முதலில் இழப்பு. பி53 என்ற புரதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கலத்தின் டிஎன்ஏ பழுதானால் பிரிவை நிறுத்தி, திருத்த முடியாத இடத்தில் கலத்தையே சாகவைப்பது அதன் வேலை. மனிதப் புற்றுகளில் ஏறத்தாழ அரைவாசியில் இதன் ஜீன் கெட்டிருக்கிறது. அப்படியானால் நல்ல பி53 ஜீனை ஒரு வைரசில் ஏற்றிக் கட்டிக்குள் ஊசியால் செலுத்தினால்? சீனா 2003இல் அனுமதித்த ஜென்டிசின் அதுதான். உலகில் வணிக அனுமதி பெற்ற முதல் ஜீன் சிகிச்சை. அது அனுமதிக்கப்பட்டதும் தலை, கழுத்துப் பகுதிப் புற்றுகளுக்குத்தான். அமெரிக்காவில் இதே எண்ணத்தில் உருவான மருந்து 2008இல் அனுமதி பெறாமல் நின்றுபோனது. சீன மருந்தின் பரிசோதனைகள் போதுமா என்ற வாதம் இன்றும் இருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு இதைவிட அழகாகப் படுவது அடுத்தது. அடினோவைரசு நமக்குத் தடிமன் தரும் சாதாரண வைரசுகளில் ஒன்று. அது ஒரு கலத்துக்குள் புகுந்து பெருக வேண்டுமானால் முதலில் அங்கேயுள்ள பி53ஐ முடக்க வேண்டும். அதற்கென்றே ஈ1பி-55கே என்ற புரதத்தை வைத்திருக்கிறது. அந்த ஜீனை வெட்டி எறிந்துவிட்டால் என்ன ஆகும்? நல்ல கலத்துக்குள் போனால் பி53 விழித்திருக்கும், வைரசு பெருக முடியாது. பி53 இல்லாத புற்றுக்கலத்துக்குள் போனால் தடுக்க ஆளில்லை. பெருகும், கலத்தை உடைக்கும், பக்கத்துக் கலத்துக்குத் தாவும். ஒனிக்ஸ்-015 என்ற இந்த வைரசைப் பற்றி 1996இல் அறிக்கை வந்தபோது நான் படிக்கக் கிடைத்த அரைகுறைச் செய்தியையே வெட்டி வைத்திருந்தேன். பிற்பாடு, விஷயம் அவ்வளவு நேர்கோடில்லை என்று தெரியவந்தது: பி53 நன்றாக இருக்கும் சில புற்றுக்கலங்களிலும் அது பெருகியது. வைரசின் ஆர்என்ஏயைக் கலத்தின் கருவிலிருந்து வெளியே கடத்திக்கொடுக்கும் திறன் புற்றுக்கலங்களில் கூடுதலாக இருப்பதுதான் பெரிய காரணம் என்று 2004இல் காட்டினார்கள். விளக்கம் மாறியது, வைரசு நிற்கவில்லை. அதன் உறவான எச்101 சீனாவில் 2005இல் தலை, கழுத்துப் புற்றுக்கு இரசாயனச் சிகிச்சையோடு சேர்த்துக் கொடுக்க அனுமதிக்கப்பட்டது. 2015இல் அமெரிக்கா மெலனோமா என்ற தோற்புற்றுக்கு ஹேர்ப்பிஸ் வைரசைத் திருத்திச் செய்த இம்லிஜிக்கை அனுமதித்தது. 2021இல் ஜப்பான் மூளைக்கட்டிக்கு இன்னொரு திருத்திய ஹேர்ப்பிஸ் வைரசை நிபந்தனையோடு அனுமதித்தது.

அடுத்தது புற்றுக்கலம் புதிதாகச் செய்வதைக் கொண்டு பிடிப்பது. நிறமூர்த்தங்களின் நுனி தேயாமல் காக்கும் டெலோமரேஸ் என்ற நொதியம் பெரும்பாலான நற்கலங்களில் அடங்கிக் கிடக்கும். பத்தில் எட்டு ஒன்பது புற்றுகளில் விழித்திருக்கும். அதன் ஜீனை இயக்கும் டிஎன்ஏத் துண்டை எடுத்து, ஹேர்ப்பிஸ் வைரசின் தைமிடின் கைனேசு ஜீனுக்கு முன்னால் ஒட்டிக் கலங்களுக்குள் அனுப்புகிறார்கள். புற்றுக்கலத்தில் மட்டுமே அந்த நொதியம் உருவாகும். பிறகு கன்சிக்ளோவிர் என்ற மருந்தைக் கொடுத்தால், நொதியம் உள்ள கலத்தில் மட்டும் அது விஷமாக மாறும். அந்த விஷம் அண்டைப் புற்றுக்கலங்களுக்கும் கசிவதால், ஜீன் போய்ச் சேராதவையும் கொஞ்சம் சாகும். ஆய்வுகூடத்தில் பார்க்க மிக நேர்த்தி. மனிதரில் பெரும் சிக்கல், கட்டி முழுவதற்கும் ஜீனைப் போதிய அளவு கொண்டுபோய்ச் சேர்ப்பது. ஈரலிலும் மூளையிலும் இந்தச் சிக்கல் கடுமை. வாயில் அப்படியில்லை. வாயைத் திறந்தால் கட்டி கண்ணுக்குத் தெரியும், ஊசி நேரே போகும். கட்டிக்குள் ஊசிபோடும் சிகிச்சைக்கு வாயைவிட வசதியான இடம் உடம்பில் அதிகமில்லை. வாய் திறக்க முடிந்தால், என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் என் மனு தொடங்குகிறது. மேலே சொன்னவற்றில் ஒவ்வொன்றும் ஒரு வேறுபாட்டை நம்பி நிற்கிறது. அந்த வேறுபாடு யாருடைய கட்டியில் கண்டறியப்பட்டது? வாய், தொண்டைப் புற்று என்றால் மேற்கு நாடுகளில் இன்று பெரிய பேச்சு எச்பிவி (மனித பபிலோமா) வைரசு. அமெரிக்காவில் தொண்டைவாய்ப் பகுதிப் புற்றுகளில் ஏறத்தாழ பத்துக்கு ஏழு அதனால் வருகின்றன. அந்த வைரசின் ஈ6 என்ற புரதம் பி53ஐ அழிக்கிறது, ஈ7 இன்னொரு காவற்புரதத்தைக் கட்டிப்போடுகிறது. எனவே ஈ6, ஈ7 இருக்கும் கலத்தைக் கொல் என்று சிகிச்சை வடிவமைக்கிறார்கள். மிகச் சரியான யோசனை, அவர்களுடைய நோயாளிகளுக்கு. வெற்றிலையும் பாக்கும் அரித்து வந்த கன்னத்துப் புற்றில் பெரும்பாலும் ஈ6உம் இராது ஈ7உம் இராது. அந்த மருந்து இங்கே வந்தால் தேடித்தேடிப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கும்.

இந்தியர்கள் இதை முன்கூட்டியே யோசித்தார்கள். சர்வதேசப் புற்றுநோய் ஜீன்தொகுதிக் கூட்டமைப்பில் ஒவ்வொரு நாடும் ஒரு புற்றை எடுத்துக்கொண்டபோது, இந்தியா ஈறும் கன்னமும் சேரும் இடத்து வாய்ப்புற்றைத் தன் பங்காக எடுத்தது. 2013இல் முடிவுகள் வெளிவந்தன. பி53 ஜீன் கெட்டிருந்தது, அது எதிர்பார்த்தது. காஸ்பேஸ்-8, எஃப்ஏரி1, எச்ராஸ், நொட்ச்1 ஆகியவையும் அடிபட்டிருந்தன. அதற்கு முன் இந்தப் புற்றோடு சேர்த்துப் பேசப்படாத வேறு ஜீன்களும் பட்டியலில் வந்தன. காஸ்பேஸ்-8 இடத்தில் சற்று நிற்க வேண்டும். வெளியிலிருந்து “செத்துப்போ” என்ற செய்தி வரும்போது அதைக் கலத்துக்குள் நிறைவேற்றும் நொதியம் அது. டிரெயில் போன்ற கொலைப்புரதங்களின் ஜீனைக் கட்டிக்குள் அனுப்பும் சிகிச்சைகள் இந்த வழியைத்தான் நம்பியிருக்கின்றன. காஸ்பேஸ்-8 கெட்டுப்போன கட்டிக்கு அதைக் கொடுத்தால், கட்டளை போகும், நிறைவேற்ற ஆள் இருக்காது. அப்படியானால் மஸ்கெலியாவில், லுணுகலையில், தெனியாயவில் வெற்றிலை போட்ட ஒருவரின் கட்டியில் காஸ்பேஸ்-8 எப்படி இருக்கிறது? இந்தியாவில் போலவா, வேறா? எங்கள் மூதாதையர் அங்கிருந்து வந்தவர்கள் என்பதற்காக விடையும் அங்கிருந்து வந்துவிடாது. பாக்கு வேறு, அதைப் பதப்படுத்தும் விதம் வேறு, சுண்ணாம்பு வேறு, உணவு வேறு.

வைரசு பக்கத்திலும் இதே கேள்விதான். இந்தச் சிகிச்சைகளில் பல ஐந்தாம் வகை அடினோவைரசில் ஏற்றப்படுகின்றன. சிறுவயதில் தடிமனாக அது வந்துபோனவர் இரத்தத்தில் அதற்கெதிரான பிறபொருளெதிரிகள் இருக்கும். ஆசிய, ஆபிரிக்க நாடுகளில் அப்படிப்பட்டவர்கள் மேற்கைவிட அதிகம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஆறேழு பேர் அடைந்து வாழும் லயத்தில் எத்தனை பேருக்கு அது வந்துபோயிருக்கும் என்று ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். மருந்து வந்தபின் “இவர்களிடம் வேலை செய்யவில்லை” என்று ஆச்சரியப்படுவதைவிட அது மலிவு.

சரி, வாசிக்க வேண்டிய மெழுகுக் கட்டிகள் எங்கே? அவை இருக்கின்றன. பயொப்சியில் வந்த துண்டு போமலினில் ஊறி, மெழுகில் பதிந்து, தீப்பெட்டியைவிடச் சிறிய கட்டியாக அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது. அறிக்கை போனபின் அதை யாரும் தேடுவதில்லை. ஆனால் அதிலிருந்து சீவும் சில இழைகளே போதும். டிஎன்ஏ துண்டுதுண்டாகத்தான் கிடைக்கும் என்றாலும், குறிப்பிட்ட ஜீன்களை வாசிக்க அது தாங்கும், பல வருடம் கழிந்த பிறகும். பேராதனைப் பல்மருத்துவ பீடத்துக்கு இதை நான் கற்பிக்க வேண்டியதில்லை. நான் பேசுவது உங்கள் வாசலுக்கு வந்து சேராத கட்டிகளைப் பற்றி.

அவை எப்படிக் கெடுகின்றன என்பது எனக்குத் தெரியும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பஃபர் சேர்த்த 10 வீத போமலினில் இழையத்தைப் போட வேண்டும். பஃபர் இல்லாத போமலின் நாட்பட்டால் அமிலமாகும். அமிலம் டிஎன்ஏயைத் தின்னும். அப்படியிருக்க, தூரத்து ஆஸ்பத்திரிகளிலிருந்து வெறும் உப்புநீரில் வந்த துண்டுகளை நான் பார்த்திருக்கிறேன். மருந்துப் போத்தல் ஒன்றின் குறுகிய வாய்க்குள் திணித்து, வெளியே எடுக்க முடியாமல் போத்தலை உடைத்த நாளும் உண்டு. வெள்ளிக்கிழமை எடுத்தது திங்கட்கிழமை பஸ்ஸில் வரும். சில வேளை அடுத்த வாரம் வரும். மெழுகானபின் இன்னொரு கதை. ஒரு வைத்தியசாலையில் கட்டிடம் மாற்றியபோது பழைய கட்டிகள் சாக்கில் கட்டப்பட்டுப் படிக்கட்டின் கீழ் கிடந்தன. ஈரமும் பூச்சியும் சும்மா விடுமா? குளிரான இடத்தில் கட்டிகள் நெடுநாள் நன்றாக இருக்கும்; மின்சாரச் செலவில்லாமல் குளிர் கிடைக்கும் நுவரெலியா எங்களிடம் இருக்கிறது. ஈரப்பதனைக் கட்டுப்படுத்த ஒரு அறை போதும்.

கட்டியைவிடப் பெரிய நட்டம் அதன்மேல் எழுதிய பெயர். வார்டில் காதால் கேட்டுச் சிங்களத்தில் ஒரு எழுத்துக்கூட்டல், படிவத்தில் ஆங்கிலத்தில் வேறொன்று, அடையாள அட்டையில் இன்னொன்று. மாரியாயி என்ற ஒரே பெண் மூன்று காகிதங்களில் மூன்று பெண்களாகிவிடுவாள். முகவரியில் “மேற்பிரிவு” என்று மட்டும் இருக்கும்; மேற்பிரிவு இல்லாத தோட்டம் எது? லயத்தில் பல காம்பராக்களுக்கு இலக்கமும் இல்லை. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்குப் போகும். புற்று என்று எழுதிய கடிதம் நோயாளிக்கு முன்னால் கிளாக்கருக்குத் தெரிந்துவிடும். இந்த நிலையில், கட்டியின் ஜீனை வாசித்தாலும், அந்த நோயாளி சிகிச்சைக்குப் பின் என்னவானார் என்ற தகவலோடு அதைச் சேர்த்துக் கட்ட முடியாது. சேராவிட்டால் வாசித்ததற்குப் பாதிப் பயன்தான்.

தலவாக்கலை சென் கூம்ஸில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு தேயிலை வர்க்கத்துக்கும் இலக்கம் உண்டு. 2025ஆம் இலக்க வர்க்கம் என்றால் எந்தத் தோட்டத்து முதிய கங்காணியும் அது எந்த மண்ணுக்கு ஏற்றது, கொப்புள நோயை எப்படித் தாங்கும் என்று சொல்லுவார். எந்தத் தாய்ச்செடியிலிருந்து வந்தது என்பதும் பதிவில் இருக்கும். கோப்பி இலையைத் துரு தின்ற காலத்திலேயே, 1880இல், இங்கிலாந்திலிருந்து விஞ்ஞானியை வரவழைத்த மலைநாடு இது. இலைக்கு நோய் வந்தால் அதன் வம்சம் வரை போய்த் தேடிய வழக்கம் இங்கே நூறு வருடத்துக்கு மேலாக இருக்கிறது. இலையைக் கிள்ளுபவளின் கன்னத்துக்கு அந்த வழக்கம் இன்னும் வந்து சேரவில்லை. கோபமாகச் சொல்லவில்லை, இருப்பதைச் சொல்கிறேன். கோபம் என்று எடுத்துக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

சம்மதம் பற்றி நீங்கள் கேட்குமுன் நானே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த மனுவில் எனக்கு அச்சம் தரும் பகுதியும் அதுதான். 1951இல் பால்டிமோரில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கருப்பைக் கழுத்துக் கட்டியிலிருந்து அவருக்குத் தெரியாமல் எடுத்த கலங்கள்தான் உலகெங்கும் ஆய்வுகூடங்களில் இன்றும் வளரும் ஹீலா கலங்கள். குடும்பத்துக்கு விஷயம் தெரிய இருபது வருடத்துக்கு மேல் ஆனது. 1999இல் அமெரிக்காவில் ஜெசி ஜெல்சிங்கர் என்ற 18 வயது இளைஞர், ஒரு ஈரல் குறைபாட்டுக்கான ஜீன் சிகிச்சைப் பரிசோதனையில் அடினோவைரசு ஏற்றப்பட்ட நான்காம் நாள் இறந்தார். முன்னர் குரங்குகள் இறந்த தகவல் அவர் ஒப்பமிட்ட சம்மதப் படிவத்தில் இல்லை. படித்த நாட்டில் நடந்தவை இவை. எங்கள் பாட்டன் பாட்டிமார் என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமல் கைநாட்டு வைத்த காகிதங்களோ, 1948இல் குடியுரிமை பறிபோன பிறகு, அவர்களைக் கப்பலேற்றும் வரை போயின. தோட்டத்துச் சனம் காகிதத்தைக் கண்டால் பின்வாங்குவதில் நியாயம் இருக்கிறது.

ஆகவே படிவம் தமிழில் இருந்தால் மட்டும் போதாது. தமிழ் பேசும் ஒருவர், தோட்ட நிர்வாகத்தையோ தொழிற்சங்கத்தையோ சேராதவர், உட்கார்ந்து வாயால் சொல்ல வேண்டும்: இந்தத் துண்டு எதற்கு, யார் வாசிப்பார்கள், இதனால் உங்களுக்கு இன்று எந்தக் குணமும் கிடைக்கப்போவதில்லை, வேண்டாம் என்றால் உங்கள் வைத்தியத்தில் ஒரு குறையும் வராது. கடைசி இரண்டையும் மறைக்காமல் சொல்லுங்கள். வெளிநாட்டு நிறுவனம் ஏதும் இந்தக் கட்டிகளைப் பயன்படுத்தி மருந்து செய்தால், அது இந்த நாட்டு அரச வைத்தியசாலைகளுக்கு என்ன விலைக்கு வரும் என்பதை ஒப்பந்தத்தில் முதலே எழுதுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நெறிமுறைக் குழுக்கள் இருக்கின்றன. அந்தக் குழுக்களில் மலையகத்திலிருந்து ஒருவரை உட்கார வையுங்கள்.

“வாளி நிறைய ஓட்டை, நீ தங்க மூடி கேட்கிறாய்” என்று என் பழைய சகா ஒருவர் சிரித்தார். கதிர்ச் சிகிச்சைக்குக் காத்திருப்பு, மருந்துத் தட்டுப்பாடு, கண்டிக்கோ மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கோ போகும் நாளில் சம்பளமில்லை, கூடப் போகிறவருக்கும் இல்லை. இதையெல்லாம் விட்டுவிட்டு ஜீன் என்ன ஜீன் என்கிறார். அவர் சொல்வதில் முக்கால்வாசி உண்மை. கேரளத்தில் பல வருடம் நடந்த ஒரு பெரும் ஆய்வு 2005இல் வெளிவந்தது: புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களின் வாயைப் பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் வெறும் கண்ணால் பார்த்துச் சோதித்ததிலேயே வாய்ப்புற்று மரணம் 34 வீதம் குறைந்தது. ஒரு டோர்ச்சும் பயிற்சியும்தான் செலவு. எந்த ஜீன் சிகிச்சையும் இன்று இதற்குக் கிட்ட வராது. வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, ஆறாத புண், குறையும் வாய் திறப்பு: இந்த நான்கையும் தோட்ட டிஸ்பென்சரியிலும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவத்தில் தாய்மார் வந்துபோகும் நேரத்திலும், ஏன் பிரட்டுக் களத்திலும்கூடப் பார்க்கலாம். இதைத்தான் முதலில் செய்ய வேண்டும் என்றால் நான் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் அவர் மீதிக் கால்வாசியில் தவறுகிறார். வாயைப் பார்க்கப் போகும் அதே ஊழியர்தான் பயொப்சிக்கு அனுப்பப்போகிறார். அதே துண்டு சரியான போமலினில் விழுந்தால் அது சேமிப்பும் ஆகிறது. இரண்டும் இரண்டு செலவல்ல. அதோடு, ஆரம்பத்திலேயே பிடிபட்ட கட்டியையும் முற்றி வந்த கட்டியையும் பக்கத்தில் வைத்து வாசித்தால்தான் எந்த ஜீன் முதலில் விழுகிறது என்று தெரியும். முற்றியவை மட்டுமே வந்துகொண்டிருந்தால் அது ஒருநாளும் தெரியாது. இன்று எங்களிடமிருந்து பெரும்பாலும் வருபவை முற்றியவை.

நான் கேட்பவை பெரிய இயந்திரங்களல்ல. மத்திய, ஊவா, சப்ரகமுவ மாகாணங்களின் எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் பஃபர் போமலின் நிரப்பிய அகன்ற வாய்ப் போத்தல்கள் தவறாமல் போக வேண்டும். படிவத்தில் நோயாளியின் பெயரைத் தமிழிலும் எழுத ஒரு கோடு, தோட்டத்தின் பெயர், பிரிவு, வெற்றிலையில் என்னென்ன சேர்த்தார் என்பதற்கு ஒரு கட்டம், தேசிய அடையாள அட்டை இலக்கம். கட்டிகளை ஒரே இடத்தில் இலக்கமிட்டு வைக்க ஒரு அறை. பேராதனையோ நுவரெலியாவோ, நீங்களே தீர்மானியுங்கள். அதன்பின் ஜீன் வாசிப்பு. அதற்கு இந்திய ஆய்வாளர்களோடு சேர்ந்தால் செலவும் குறையும், ஒப்பிட்டுப் பார்க்கவும் முடியும். இந்தச் சேமிப்பு இருக்கும் நாட்டைத்தான் நாளை சிகிச்சைப் பரிசோதனை நடத்துபவர்களும் தேடி வருவார்கள். அப்போது எங்கள் ஆட்கள் காசு கொடுத்து மருந்து வாங்க முடியாதவர்களாக மட்டுமல்ல, பரிசோதனையில் முறைப்படி சேர்க்கப்படும் உரிமையுள்ளவர்களாகவும் இருப்பார்கள்.

தொழிற்சங்கத் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த சம்பளப் பேச்சில், புற்றுநோய் கிளினிக்குக்குப் போகும் நாளுக்கு, அட்டையைக் காட்டினால் முழுப் பேர் விழ வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அந்த ஒரு வரி வந்தாலே பாதிப் பேர் நேரத்துக்குப் போவார்கள்.

படிக்கட்டின் கீழோ, களஞ்சிய அறையிலோ, எங்கேயாவது பழைய கட்டிகள் இன்னும் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். அவற்றைத் துடைத்து, பழைய பதிவேட்டோடு ஒப்பிட்டு, மூன்று எழுத்துக்கூட்டலில் கிடக்கும் பெயர்கள் ஒரே ஆளா என்று பார்த்து அடுக்கித் தர, மலைநாட்டில் தமிழும் சிங்களமும் தெரிந்த ஓய்வுபெற்ற எம்.எல்.ரி.மார் சிலர் இருக்கிறோம். சம்பளம் கேட்க மாட்டோம். பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும் தந்தால் போதும். எந்த அலுவலகத்துக்கு, எந்தத் திகதிக்கு வர வேண்டும் என்று மட்டும் அறிவியுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர் ஒருவர்,
ஹட்டன்